கம்பெனி விண்டோஸ் சர்வர்ல பிஎச்பி ஓட்டப் போறவங்க ரேட் பேசுறதுக்கு முன்னாடி இதப் படிச்சுக்கங்க

காரைக்குடியில நானும் இன்னொரு தம்பியும் சேந்து சின்னதா சாஃப்ட்வேர் வேலை பண்ணிக் குடுத்துக்கிட்டு இருக்கோம். வெப்சைட் எழுதுற பிஎச்பி, அதுல லாராவெல்ங்கிற ஃப்ரேம்வொர்க், டேட்டாபேஸுக்கு மைஎஸ்க்யூஎல், எல்லாம் லினக்ஸ் சர்வர்ல. போன வருஷம் ஒரு பெரிய குழுமத்தோட வேலை கிடைச்சுச்சு. அவங்க கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்ட ஹோட்டலா நடத்துறாங்க, கூடவே தரைக்குப் போடுற ஆத்தங்குடி கல்லு, கண்டாங்கி சேலை, பலகாரம்னு ஆர்டர் எடுத்து வெளியூருக்கும் அனுப்புறாங்க. ரூம் புக்கிங், ஆர்டர், பில்லு எல்லாம் ஒரே சாஃப்ட்வேர்ல வேணும்னு கேட்டாங்க. இங்க இருக்குற மேனேஜருக்கு டெமோ காட்டி, ரெண்டு லட்சத்துக்குப் பேசி, அட்வான்ஸ் வாங்கி, முக்கால்வாசி வேலை முடிஞ்சப்புறம்தான் சென்னை ஹெட் ஆபீஸ் ஐடி டிபார்ட்மென்ட்ல இருந்து ஒரு மெயில் வந்துச்சு. எங்க பாலிசிப்படி எல்லா அப்ளிகேஷனும் எங்க டேட்டா சென்டர்ல விண்டோஸ் சர்வர் 2016, ஐஐஎஸ்ங்கிற விண்டோஸ் வெப் சர்வர், மைக்ரோசாஃப்டோட டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் 2016லதான் ஓடணும், லினக்ஸ் கிடையாது, வெளி க்ளவுடும் கிடையாதுன்னு.

பிஎச்பி எதுலயும் ஓடும், ஒரு ரெண்டு வாரம் கூட ஆகும்னுதான் எல்லாரும் சொன்னாங்க. ஆனா கிட்டத்தட்ட மூணு மாசம் இழுத்துச்சு. அந்த நேரத்துல தேவகோட்டைல ஒரு ஜவுளிக்கடை வேலை கைய விட்டுப் போச்சு, மதுரையில இருந்து விண்டோஸ் தெரிஞ்ச ஒரு அண்ணன கூப்பிட்டு அவருக்கு இருபத்தஞ்சாயிரம் குடுத்தோம், கடைசியில அந்த ரெண்டு லட்சத்துல எங்க கையில நின்னது பாதி கூட இல்ல. ராத்திரி ராத்திரியா உக்காந்து தேடுனப்ப தமிழ்ல இதப்பத்தி ஒருத்தரும் எழுதி வைக்கலயேன்னு அழுகையா வந்துச்சு. அதனாலதான் எழுதுறேன், நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

முதல்ல அந்த ஐடி ஆளுங்க பக்க நியாயத்தையும் சொல்லிடுறேன். அவங்க அக்கவுண்ட்ஸ் பேக்கேஜ் எஸ்க்யூஎல் சர்வர்ல இருக்கு, ஸ்டாஃப் லாகின் எல்லாம் ஆக்டிவ் டைரக்டரிங்கிற மைக்ரோசாஃப்ட் சிஸ்டத்துல இருக்கு, பேக்கப், ஆன்டிவைரஸ், ஆடிட் எல்லாம் அத சுத்தித்தான். ஒரே ஒரு லினக்ஸ் பெட்டிய மட்டும் உள்ள விட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு அது நின்னா யாரு பாக்குறதுன்னு கேட்டாங்க, அது சரியான கேள்விதான். ஆனா அதோட நிக்காம ஓப்பன் சோர்ஸ்னாலே பொறுப்பு எடுத்துக்க ஆளில்ல, பிஎச்பிய ஐஐஎஸ்ல ஓட்டவே முடியாது, மைக்ரோசாஃப்டோட டாட்நெட்ல திருப்பி எழுதுங்கன்னு ஒருத்தர் மீட்டிங்ல சொன்னப்ப எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு. இங்க ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கிட்டா பேச்சு மாறும். 2006ல மைக்ரோசாஃப்டும் பிஎச்பி வேலை பாக்குற ஜெண்ட் கம்பெனியும் சேந்து பிஎச்பி ஐஐஎஸ்ல நல்லா ஓடணும்னே வேலை பாத்து, ஐஐஎஸ் பிஎச்பிய கூப்பிட்டு ஓட்ட ஃபாஸ்ட்சிஜிஐங்கிற வழிய கொண்டு வந்தாங்க, விண்டோஸ் சர்வர் 2008ல இருந்து அது ஐஐஎஸ் கூடவே வருது. எஸ்க்யூஎல் சர்வருக்கு பிஎச்பி டிரைவர மைக்ரோசாஃப்டே எழுதி இன்னிக்கு வரைக்கும் வெளியிடுது. இத எடுத்துக் காட்டுனதும்தான் டாட்நெட் பேச்சு நின்னுச்சு. மறுபக்கத்தையும் மறைக்காம சொன்னேன், 2020 ஜூலையில மைக்ரோசாஃப்ட் பிஎச்பி 8.0ல இருந்து விண்டோஸ் பில்டு, அதாவது விண்டோஸுக்கு ஏத்த மாதிரி தயார் பண்ற வேலைய நாங்க பாக்க மாட்டோம்னு சொல்லிருச்சு, இப்ப அத பிஎச்பி ஆளுங்களேதான் பண்ணி வெளியிடுறாங்க. அதனால பழைய கட்டுரைல வர்ற, வேகத்துக்குப் போடுற வின்கேஷ், வெப் பிளாட்ஃபார்ம் இன்ஸ்டாலர் இதையெல்லாம் நம்பி எறங்காதீங்க. அந்த இன்ஸ்டாலரையே 2022 கடைசியில நிப்பாட்டிட்டாங்க. கேஷுக்கு பிஎச்பி கூடவே வர்ற ஆப்கேஷ் போதும்.

இன்ஸ்டால் பண்றதுல ஆரம்பிக்கிறேன். சர்வர் மேனேஜர்ல ஐஐஎஸ் ரோலுக்குள்ள அப்ளிகேஷன் டெவலப்மென்ட்ல சிஜிஐனு ஒன்னு இருக்கும், அத டிக் பண்ணாதான் ஃபாஸ்ட்சிஜிஐயே வரும், பேரு வேற மாதிரி இருக்குறதால யாரும் அத போடறதில்ல. பிஎச்பில த்ரெட் சேஃப், நான் த்ரெட் சேஃப்னு ரெண்டு ஜிப் இருக்கும், ஐஐஎஸ்க்கு நான் த்ரெட் சேஃப்தான். அதுக்கு ஏத்த விசுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளும் போடணும், அது இல்லன்னா எந்த விளக்கமும் இல்லாம, சர்வர்ல ஏதோ தப்புன்னு மட்டும் சொல்ற வெறும் 500 எரர்தான் வரும். டேட்டாபேஸ் டிரைவர் ஃபைலும் பிஎச்பி வெர்ஷன், நான் த்ரெட் சேஃப், 64 பிட் மூணும் பொருந்தணும், ஒன்னு மாறுனாலும் ஏறாது. அந்த 500 எரரோட உண்மையான காரணத்த ஐஐஎஸ் அந்த சர்வர்லயே ப்ரவுசர் தொறந்து பாத்தாதான் காட்டும், வெளிய இருந்து பாத்தா காட்டாது. எங்களுக்கு விபிஎன் வழியா சாயங்காலம் ஒரு ரெண்டு மணி நேரம்தான் ரிமோட் குடுத்தாங்க, ஒவ்வொரு மாத்தத்துக்கும் டிக்கெட் போடணும். அடுத்தவங்க அடுப்படியில சமைக்கிற மாதிரிதான், உப்பு டப்பா எங்கன்னு கூட கேட்டுட்டுதான் கைய வைக்கணும். அதுல இங்க மாசாந்திர பராமரிப்புன்னு கரண்ட் போற நாள் வேற. அப்புறம் நான் விடியக்காலை பல்லவன் ஏறி மத்தியானம் எழும்பூர்ல எறங்கி, அவங்க ஆபீஸ்லயே போய் அந்த சர்வர் ஆளு பக்கத்துல உக்காந்தேன். டிக்கெட் போட்டு வாரக்கணக்குல நகராதது அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிருச்சு. நேர்ல போறத கடைசி வழியா வச்சுக்காதீங்க, முதல் வாரத்துலயே போயிருங்க, போற செலவையும் கொட்டேஷன்லயே சேத்துருங்க.

லினக்ஸ்ல அப்பாச்சி வெப் சர்வருக்கு செட்டிங் எழுதுற .எச்டிஆக்சஸ் ஃபைல் ஐஐஎஸ்க்கு தெரியாது, அதுக்கு வெப்.கான்ஃபிக்தான். லிங்க் முகவரிய மாத்தி விடுற யூஆர்எல் ரீரைட் மாட்யூல தனியா டவுன்லோடு பண்ணி போடச் சொல்லுங்க, அது இல்லாம வெப்.கான்ஃபிக்ல ரீரைட் வரி எழுதுனா மொத்த சைட்டும் 500.19னு நிக்கும். அப்புறம் எடிட், டெலிட் மட்டும் அனுமதி இல்லங்கிற 405 எரர்னு வந்தா கோட்ல தேடாதீங்க, வெப்டாவ் மாட்யூல் நடுவுல பூந்து அந்த ரிக்வெஸ்ட்ட புடிச்சு வச்சுக்கும், வெப்.கான்ஃபிக்ல அத ரிமூவ் பண்ணணும். நம்ம ஆப்பு அனுப்புற எரர் மெசேஜ ஐஐஎஸ் தூக்கிப் போட்டுட்டு தன்னோட எரர் பக்கத்த அனுப்பும், அதுக்கு எச்டிடிபி எரர்ஸ்ங்கிற பகுதில எக்ஸிஸ்டிங் ரெஸ்பான்ஸ பாஸ்த்ரூனு வைக்கணும். இது தெரியாததால எங்க புக்கிங் ஃபார்ம்ல போன் நம்பர் தப்புன்னு வர வேண்டிய இடத்துல எல்லாம் வெள்ளைப் பக்கமா வந்து, ஹோட்டல் ரிசப்ஷன் தங்கச்சி தினமும் போன் போட்டுச்சு.

இதெல்லாம் கூட ஒரு வாரத்துல தேடிப் புடிச்சிரலாம். என்னய உண்மையா உடைச்சுப் போட்டது டேட்டாபேஸ்தான். மைஎஸ்க்யூஎல்ல இருந்து எஸ்க்யூஎல் சர்வருக்கு போறப்ப லாராவெல் பாதிய பாத்துக்கும், ஆனா ரிப்போர்ட்டுக்குன்னு நேரடியா எழுதுன க்வெரி எல்லாம் விழும். மைஎஸ்க்யூஎல்ல எழுதுற லிமிட் இங்க கிடையாது, டாப் இல்லன்னா ஆஃப்செட் ஃபெட்ச். இஃப்நல் கிடையாது, கோஅலெஸ். நவ் கிடையாது, கெட்டேட். பல வரிய ஒன்னா சேக்குற க்ரூப் கான்கேட்டுக்கு பதிலா ஸ்ட்ரிங் ஆக்னு ஒன்னு இருக்குன்னு சந்தோஷமா மாத்துனா அது 2017ல இருந்துதான் இருக்கு, இவங்ககிட்ட இருந்தது 2016, அதனால எக்ஸ்எம்எல் பாத்னு ஒரு பழைய வழியில சுத்தி வந்து எழுத வேண்டியதாயிருச்சு. வெர்ஷன் நம்பர முதல் நாளே கேட்டு வாங்குங்க, எஸ்க்யூஎல் சர்வர்னு மட்டும் சொன்னா பத்தாது.

அப்புறம் தமிழ். நாங்க லாராவெல் மைக்ரேஷன் ஓட்டி டேபிள் உருவாக்க அனுமதி இல்ல, அவங்க டேட்டாபேஸ பாத்துக்குற டிபிஏதான் உருவாக்குவாரு, நம்ம லிஸ்ட் குடுக்கணும். எங்க லிஸ்ட்ல எழுத்து வைக்கிற இடத்துக்கு வார்சார்னு இருந்தத அவரு அப்படியே வார்சார்னே போட்டுட்டாரு. மைஎஸ்க்யூஎல்ல யூடிஎஃப்8 வச்சா வார்சார்லயே தமிழ் நிக்கும், எஸ்க்யூஎல் சர்வர் 2016ல நிக்காது, எல்லா மொழி எழுத்தும் நிக்கிற என்வார்சார்னு இருக்கணும். பலகாரப் பகுதிய பாத்துக்குற ஆச்சி ஒருத்தங்க, மொத்த அயிட்டத்தையும் அவங்கதான் உக்காந்து தமிழ்ல டைப் பண்ணி ஏத்துனாங்க, தேன்குழல், மாவுருண்டை, சீப்புச்சீடை, கந்தரப்பம்னு ஒவ்வொன்னுக்கும் விவரம், எத்தன நாள் தாங்கும்னு எல்லாம். மறுநாள் எனக்கு போன், "ஏந்தம்பி, நேத்தெல்லாம் உக்காந்து அடிச்சேனே, இப்ப வரிசையா கேள்விக்குறியால்ல நிக்கிது, இங்க பில்லு போடுறவுகளும் என்னத்தக் குடுக்கன்னு கேக்குறாக"ன்னாங்க. கேள்விக்குறியா மாறுன தமிழ் திரும்ப வராது, எழுத்தே உள்ள போகல, அதனால காலத்த, அதாவது டேபிளோட அந்த நெடுவரிசைய, என்வார்சாரா மாத்துனாலும் பழசு பழசுதான். ஆச்சி ஒரு வார்த்த கோவிக்காம திருப்பி முழுசா அடிச்சாங்க, அது இன்னும் மனசுல உறுத்துது.

அதோட முடியல. காலம் மாத்துனப்புறமும் ரிப்போர்ட்ல காரைக்குடின்னு தேடுனா ஒன்னுமே வரல. க்வெரிக்குள்ள நேரடியா எழுதுற தமிழ் வார்த்தைக்கு முன்னாடி என்னுங்கிற ஆங்கில பெரிய எழுத்து போடலன்னா எஸ்க்யூஎல் சர்வர் அதையும் கேள்விக்குறியா மாத்திட்டுதான் தேடும். வார்த்தைய க்வெரிக்குள்ள எழுதாம பைண்டிங்ல தனியா அனுப்புனா பிடிஓங்கிற பிஎச்பி டிரைவர் யூனிகோடாவே அனுப்பிரும், அதனால எல்லாத்தையும் பைண்டிங்குக்கு மாத்துங்க. நீளமும் பாருங்க, காரைக்குடிங்கிறது நமக்கு அஞ்சு எழுத்து, ஆனா யூனிகோடுல மெய்யும் குறியும் தனித்தனியா எண்ணி 10 இடம் புடிக்கும். டிபிஏ இங்கிலீஷ் கணக்குல 20னு வச்ச காலத்துல கொஞ்சம் நீளமான ஊர்ப்பேரு கூட முட்டிக்கிட்டு டேட்டா ட்ரங்கேட் ஆகும், அதாவது வெட்டுப்படும்னு எரர் வந்துச்சு.

தேதிதான் எல்லாத்தையும் விட பயங்கரம், இத ஹோட்டல் மாதிரி தேதிய வச்சு பொழப்பு நடத்துறவங்களுக்கு பண்றவங்க நல்லா கேட்டுக்கங்க. நம்ம நாட்டுல நாள், மாசம், வருஷம்னு எழுதுறோமேன்னு அந்த டேட்டாபேஸ் லாகினுக்கு மொழிய பிரிட்டிஷ் இங்கிலீஷ்னு வச்சிருந்தாங்க. அப்படி இருந்தா டேட்டைம் காலத்துக்கு வருஷம், மாசம், நாள்னு ஹைஃபன் போட்டு அனுப்புனாலும் எஸ்க்யூஎல் சர்வர் அத வருஷம், நாள், மாசம்னு எடுத்துக்கும். மார்ச் 4க்கு போட்ட புக்கிங் ஏப்ரல் 3னு போய் உக்காரும். 12 தேதி வரைக்கும் எரரே வராது, சத்தமில்லாம தப்பாப் பதிவாகும், 13ல இருந்துதான் எரர் வரும். எங்களுக்கு மாசக் கடைசியில எரர் வந்ததாலதான் முன்னாடி போட்டதெல்லாம் தப்புன்னு புடிபட்டுச்சு. அதுக்குள்ள மலேசியால இருந்து ஒரு குடும்பம் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வந்து எறங்கியிருச்சு, ரூம் இல்ல, மேனேஜர் ஓடியாடி பக்கத்துல ஒரு வீட்டப் புடிச்சுக் குடுத்தாரு. அந்தச் செலவ எங்க பில்லுல கழிச்சாங்க. காலத்த டேட் இல்லன்னா டேட்டைம்2னு வைங்க, அதுல இந்தப் பிரச்சனை வராது, லாகின் மொழியையும் யுஎஸ் இங்கிலீஷ்னு வைக்கச் சொல்லுங்க, ரெண்டையும் எழுத்துல கேளுங்க.

லைவ் போனப்புறம் திடீர் திடீர்னு ஒரு 500 எரர் வரும், ரீஃப்ரெஷ் பண்ணா சரியாயிரும். இது யாருக்கும் புரியல, பிஎச்பினாலே இப்படித்தான்னு மெயில்ல எழுதுனாங்க, படிச்சப்ப ரொம்ப வலிச்சுச்சு. காரணம் என்னன்னா பிஎச்பி ப்ராசஸ் ஒன்னு 500 ரிக்வெஸ்ட் முடிச்சதும் தானா முடிஞ்சு போகும், அது அதோட டீஃபால்ட். ஐஐஎஸ் பக்கம் இன்ஸ்டன்ஸ் மேக்ஸ் ரிக்வெஸ்ட்ஸ யாரோ 10000னு கூட்டி வச்சிருக்காங்க, அதனால ஐஐஎஸ் இன்னும் அது உயிரோட இருக்குன்னு நெனச்சு அடுத்தத அனுப்பும், எரர் விழும். ஃபாஸ்ட்சிஜிஐ செட்டிங்ல என்விரான்மென்ட் வேரியபிளா பிஎச்பி எஃப்சிஜிஐ மேக்ஸ் ரிக்வெஸ்ட்ஸையும் அதே 10000னு வச்சதும் நின்னு போச்சு. இதக் கண்டுபுடிக்க லேட் ஆனதுக்கு இன்னொரு காரணம், ஐஐஎஸ் லாக்ல நேரம் யூடிசிங்கிற உலகப் பொது நேரத்துல இருக்கும், நம்ம நேரத்துக்கும் அதுக்கும் அஞ்சரை மணி நேரம் வித்தியாசம், ரிசப்ஷன்ல பத்தரைக்கு எரர்னு சொன்னா லாக்ல காலை அஞ்சு மணியத் தேடணும்.

மத்தத வேகமா சொல்லிடுறேன். கல்லு டிசைன் போட்டோ ஏத்துனா ஏறும், ஆனா பாக்க முடியாது, ஏன்னா ஃபைல் டெம்ப் ஃபோல்டர்ல இருந்து மூவ் ஆகுறப்ப அந்த ஃபோல்டர் பெர்மிஷனையே தூக்கிட்டு வரும். அப்லோடுக்குன்னு தனி டெம்ப் ஃபோல்டர் வச்சு ஐஐஎஸ் யூசர்ஸுக்கு அங்க படிக்க உரிமை குடுங்க. வெப்பிங்கிற வகை படம் 404.3னு வந்தா அந்த ஃபைல் வகைய மைம் டைப்ல சேக்கணும். பெரிய ஃபைல் 404.13னு வந்தா பிஎச்பி லிமிட்ட கூட்டி பிரயோஜனம் இல்ல, ஐஐஎஸ்ல 30000000 பைட்னு தனி லிமிட் இருக்கு. பேமென்ட் கேட்வே பேசுறப்ப கர்ல் எரர் 60னு, அதாவது சர்டிஃபிகேட்ட நம்ப முடியலன்னு வரும், விண்டோஸ் பிஎச்பில சர்டிஃபிகேட் லிஸ்ட் கூட வராது, அத எறக்கி பிஎச்பி.ஐஎன்ஐல பாத் குடுக்கணும், இன்டர்நெட் போக்குவரத்த நடுவுல வாங்கி அனுப்புற கம்பெனி ப்ராக்ஸி இருந்தா அவங்க ரூட் சர்டிஃபிகேட்டையும் அதுல சேக்கணும். சர்டிஃபிகேட் வெரிஃபைய ஆஃப் பண்ணிருங்கன்னு சொல்லுவாங்க, பண்ணாதீங்க, அடுத்தவங்க காசு போற பாதை அது. பிஎச்பி பேக்கேஜ் எறக்குற கம்போசர் அங்க ப்ராக்ஸிய தாண்டல, அந்த பேக்கேஜ் இருக்குற வெண்டார் ஃபோல்டர நம்ம மெஷின்லயே அதே பிஎச்பி வெர்ஷன்ல தயார் பண்ணி ஜிப்பா அனுப்பிருங்க.

லினக்ஸ்ல குறிச்ச நேரத்துக்கு வேலைய ஓட்டுற க்ரானுக்கு பதிலா இங்க டாஸ்க் ஷெட்யூலர். பின்னாடி ஓட வேண்டிய வேலை வரிசைய (க்யூ) லாராவெல்ல பாத்துக்குற ஹொரைசன் விண்டோஸ்ல ஓடாது, அதுக்கு வேண்டிய பிசிஎன்டிஎல்ங்கிற பிஎச்பி எக்ஸ்டென்ஷன் விண்டோஸ்ல இல்ல, அதனால க்யூவ டேட்டாபேஸ்ல வச்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஓட்டி காலி பண்றோம். அந்த டாஸ்க் எந்த அக்கவுண்ட்ல ஓடுதுன்னு கவனமா கேளுங்க. எங்களுது ஒரு ஸ்டாஃப் அக்கவுண்ட்ல ஓடுச்சு, பாலிசிப்படி அவரு பாஸ்வேர்ட மாத்துன அன்னில இருந்து கன்ஃபர்மேஷன் மெயில் ஒன்னு கூட போகல, எங்கயும் எரரும் வரல. இப்ப மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுண்ட்னு ஒன்னுல ஓடுது, பாஸ்வேர்ட விண்டோஸே மாத்திக்கும். டாஸ்க் கடைசியா எப்ப ஓடுச்சுன்னு ஆப்புக்குள்ளயே ஒரு பக்கத்துல காட்டுற மாதிரி வச்சுட்டோம், மேனேஜர் காலைல டீ குடிக்கிறப்பவே பாத்துருவாரு.

காசு விஷயத்துல இப்ப நான் பண்றத சொல்றேன். யாராவது கம்பெனி வேலைன்னு வந்தா டெமோவுக்கு முன்னாடியே ஹெட் ஆபீஸ் ஐடி ஆளோட பேசணும்னு கேக்குறேன், ஊர்ல இருக்குற மேனேஜருக்கு சர்வர் பாலிசி தெரிய வாய்ப்பே இல்ல, அவர குத்தம் சொல்ல முடியாது. சர்வர்ல ஒரு சின்ன டெஸ்ட் ஆப்ப ஏத்திப் பாக்க தனியா ஒரு தொகை, அது திரும்ப வராதுன்னு எழுதி வாங்குறேன். அந்த டெஸ்ட்ல ஒரு தமிழ்ப் பேர சேவ் பண்ணி எடுத்துப் பாக்கணும், 4ஆம் தேதி ஒன்னு 14ஆம் தேதி ஒன்னு பதிவு பண்ணிப் பாக்கணும், ஒரு போட்டோ ஏத்தணும், ஒரு ரெக்கார்ட டெலிட் பண்ணணும், வெளி சர்வர் ஒன்ன கூப்பிடணும், ராத்திரி ஒரு மெயில் தானா போகணும். இந்த ஆறும் தேறிருச்சுன்னா மிச்சத்துக்கு ரேட் பேசலாம். அவங்க டிக்கெட் முடிக்க எடுத்துக்குற நாள் நம்ம கணக்குல வராதுன்னும் ஒப்பந்தத்துல ஒரு வரி சேத்துருங்க, எங்களுக்கு போன நாள்ல பெரும்பங்கு காத்துக்கிட்டு இருந்ததுதான்.

இப்ப அந்த ஆப்பு நல்லா ஓடுது, வேகத்துலயும் குறை இல்ல. அவங்க எஸ்க்யூஎல் சர்வர் 2016க்கு சப்போர்ட் 2026 ஜூலை 14 வரைக்கும்தான், விண்டோஸ் சர்வர் 2016க்கு 2027 ஜனவரி 12. அதனால புது சர்வருக்கு மாத்துறதுக்கு கொட்டேஷன் கேட்டிருக்காங்க. நான் ரேட் இன்னும் போடல, டெஸ்ட் சர்வர் குடுங்கன்னு மெயில் போட்டிருக்கேன். அந்த டிபிஏ இந்தத் தடவ அவராவே கூப்பிட்டு, "தம்பி, எந்தெந்த காலம் என்வார்சார்னு லிஸ்ட் முதல்ல அனுப்பிருங்க"ன்னாரு. நேத்து ராத்திரி அத அனுப்பிட்டேன், கூடவே லாகின் மொழியையும் எழுதியிருக்கேன்.